நாள் முழுவதும் தூண்டில் போட்டும் ஒரு மீன்கூடக் கிடைக்காத அனுபவம் உங்களுக்கு உண்டா? ஏன் அப்படி ஆனது?

உண்டு. நான் வசிக்கும் இங்கிலாந்தில் அப்படிப்பட்ட நாளுக்குத் தனிச்சொல்லே இருக்கிறது. வெறுங்கையோடு திரும்பியவர் ‘பிளாங்க்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார். கேட்டவரும் மேற்கொண்டு எதையும் கிளறமாட்டார். எனக்கு வாய்த்த பிளாங்க்குகள் பல. அவற்றுள் இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், லோடன் ஆற்றங்கரையில் கழிந்த நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏன் அப்படி ஆனது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்த ஒரு நாளை வைத்துத்தான் என்னால் ஒழுங்காக விடை சொல்ல முடியும்.

முதலில் இது எந்த வகை மீன்பிடிப்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் நன்னீர் மீன்களுக்குள்ளும் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்ற பிரிவு உண்டு. சால்மனும் ட்ரவுட்டும் கனவான்களின் மீன்களாகக் கருதப்பட்டவை. ரோச், டேஸ், சப், பார்பல், பெர்ச், பைக் முதலிய மற்றவையெல்லாம் ‘கோர்ஸ்’ மீன்கள், அதாவது முரட்டு மீன்கள். இவற்றைத் தூண்டிலில் பிடிப்பதே கோர்ஸ் ஃபிஷிங். குழம்பு வைப்பதற்காகப் பெரும்பாலும் யாரும் பிடிப்பதில்லை. பிடித்து, முள்ளைக் கழற்றி, மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். 1878ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றின் இனப்பெருக்கக் காலத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. அதன் தொடர்ச்சியாக இன்றும் இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்த மீன்களுக்குத் தூண்டில் போடக் கூடாது. பதின்மூன்று வயது நிரம்பிய எவரும் சுற்றுச்சூழல் முகமையின் உரிமம் வைத்திருக்க வேண்டும். அதற்குமேல், கரையின் உரிமையை வைத்திருக்கும் சங்கத்தின் உறுப்பினர் அட்டையும் வேண்டும். மூங்கில் கம்பும் ஒரு முழ நரம்பும் மண்புழுவும் எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்து பழகிய எனக்கு, சட்டைப்பைக்குள் இரண்டு அனுமதிகளோடு ஆற்றுக்குப் போவது கொஞ்ச காலம் வேடிக்கையாகவே இருந்தது.

குளிர்காலத்தில் இங்கே ஆற்றில் தூண்டில் போடுபவர்கள் பெரும்பாலும் சப் மீனை நம்பித்தான் போகிறார்கள். நம் கெண்டைக்குத் தூரத்து உறவு என்று சொல்லத்தக்க மீன் அது. பித்தளை நிறம், கருவிளிம்பிட்ட பெரிய செதில்கள், தடித்த வெள்ளை உதடு, எதையும் விழுங்கக்கூடிய அகன்ற வாய். தண்ணீர் ஏழு எட்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால் பார்பல் பெரும்பாலும் தீவனத்தை மறந்துவிடும்; சப்போ நான்கு டிகிரியிலும் ஏதாவது ஒரு துண்டு ரொட்டிக்கு வாயைத் திறக்கும். ஆனால் அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு நிபந்தனை உண்டு. தண்ணீர் குளிர்ந்திருக்கலாம், குளிர்ந்துகொண்டே போகக் கூடாது. தொடர்ந்து ஒரு வாரம் நான்கு டிகிரியில் நிற்கும் ஆறு, நேற்று ஏழும் இன்று நான்குமாக இருக்கும் ஆற்றைவிட எவ்வளவோ மேல். குளமாக இருந்தால் அடியில் நான்கு டிகிரித் தண்ணீர் தங்கி நிற்கும், மீன் அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும். ஆற்றின் ஓட்டமோ மேலும் கீழும் கலக்கிவிடுவதால் ஒதுங்க வெதுவெதுப்பான மூலை என்று எதுவும் இருப்பதில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபது வயதைத் தாண்டியவர். நாற்பது ஆண்டுகளாக லோடனில் தூண்டில் போடுகிறார். அந்த வாரம் வியாழக்கிழமை இரவு ரெடிங் நகரைச் சுற்றி இரண்டு அங்குலம் பனி பெய்திருந்தது. சனிக்கிழமை நல்ல வெயில் அடித்து அத்தனையும் உருகிவிட்டது. மாலையில் வேலியருகே நின்று, நாளைக்குப் போகலாமா என்று கேட்டேன்.

“பனித்தண்ணீர் ஓடும்போது நான் போகமாட்டேன். அதில் சாலை உப்பும் சேர்ந்திருக்கும். நான்கு நாள் பொறுங்கள்” என்றார்.

நாளைக்கு விட்டால் அடுத்த இரண்டு வாரங்களுக்கு எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்றேன். அவர் ஓய்வு பெற்றவர். அவருக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். “சரி, போவதென்றால் கோலின் நுனி வளையத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். பனி கட்டினால் தண்ணீரில் முக்குங்கள், விரலால் உடைக்காதீர்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் அவர் பேச்சை மீறிப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது; அது அறிவியல்பூர்வமான காரணம் என்றுகூட அன்று நினைத்தேன். ஆறுகளின் நீர்மட்டத்தை அளக்கும் கருவிகளின் கணக்கைச் சுற்றுச்சூழல் முகமை இணையத்தில் வெளியிடுகிறது. சனிக்கிழமை இரவு பார்த்தபோது லோடனின் கோடு மேலேறி, வளைந்து, இறங்கத் தொடங்கியிருந்தது. ஏறி இறங்கும் ஆற்றில் மீன் கடிக்கும் என்பது பாடம். ஆனால் அந்தக் கோடு தண்ணீர் எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறதே தவிர, எப்படிப்பட்ட தண்ணீர் என்பதைச் சொல்வதில்லை. அக்டோபர் மாதத்து மழைநீர் ஏறுவதும் ஜனவரி மாதத்துப் பனிநீர் ஏறுவதும் திரையில் ஒரே வளைவாகத்தான் தெரியும். லோடன் பேசிங்ஸ்டோக்கில் பிறந்து, வயல்களையும் ஊர்களையும் தாண்டி, எம் 4 நெடுஞ்சாலைக்கு அடியில் புகுந்து, வார்கிரேவுக்கு அருகில் தேம்ஸில் கலக்கிறது. வழியிலுள்ள சாலைகளில் பனி உறையாதிருக்க வாரம் முழுவதும் தூவப்பட்ட பாறை உப்பு, உருகிய பனியோடு சேர்ந்து எங்கே போய் விழும் என்பதை யோசிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. நான் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சூரியன் எழும்போது சங்கத்துக் கேட்டின் முன் நின்றேன். காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இரண்டு. எண்களைச் சுழற்றித் திறக்கும் பூட்டு உறைந்துபோய் ஓர் எண்கூட நகரவில்லை. ஃபிளாஸ்க்கிலிருந்த தேநீரில் பாதியை ஊற்றித் திறந்தேன். அன்றைய நாளில் நான் செய்த வேலைகளில் முழு வெற்றி பெற்றது அது ஒன்றுதான்.

நான் தேர்ந்தெடுத்த இடத்தைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். ஆறு அங்கே பன்னிரண்டு கெஜ அகலம்தான் இருக்கும். எதிர்க்கரையில் ஆல்டர் மரங்கள் வரிசையாக நிற்கின்றன; அவற்றின் வேர்கள் தண்ணீருக்குள் சடை போல இறங்கியிருக்கும். மிதந்து வரும் குச்சியும் சருகும் தாழ்ந்த கிளைகளில் மாட்டி, தண்ணீருக்கு மேல் ஒரு கூரையாகச் சேர்ந்திருக்கும். அந்தக் கூரைக்கு அடியில்தான் சப் நிற்கும். வெப்பமானியை நூலில் கட்டி இறக்கினேன். மூன்று நிமிடம் கழித்து எடுத்தபோது 3.6 டிகிரி காட்டியது. முந்தைய ஞாயிறு அதே இடத்தில் 6.8 இருந்ததாக என் குறிப்பேடு சொன்னது. நியாயமாக அப்போதே மூட்டை கட்டியிருக்க வேண்டும்.

ஆனால் நான் அன்று கொண்டுபோயிருந்த மூட்டை அப்படி எளிதில் கட்டக்கூடியதாக இல்லை. குளிர்கால சப் மீனுக்கு ஒரு கோல், ஒரு வலை, தோளில் ஒரு பை, இவ்வளவு போதும். ஐந்தாறு இடங்களில் ஒரு கைப்பிடி ரொட்டித்தூளைத் தூவிவிட்டு, திரும்பி வந்து இடத்துக்கு இருபது நிமிடம் என்று நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பசியுள்ள மீன் இருந்தால் இருபது நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். நானோ குளிருக்குப் பயந்து சாய்வு நாற்காலி, பெரிய குடை, அடுப்பு, இரண்டு கோல், ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) மேகட் என்னும் ஈப்புழு என்று தள்ளுவண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். இந்தப் புழுக்களை இந்நாட்டுக் கடைகளில் இன்றும் பைண்ட் கணக்கில்தான் அளந்து தருகிறார்கள். குளிரில் வைத்தால்தான் கூட்டுப்புழுவாக மாறாமல் இருக்கும் என்பதால் முந்தைய இரவு ஃப்ரிட்ஜில் வைத்தேன். “ஏங்க, தயிருக்குப் பக்கத்துலதான் இதை வைக்கணுமா?” என்று என் மனைவி கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

இறுதியில் ரொட்டியைத்தான் இரையாக வைத்தேன். புது ரொட்டியின் வெண்பகுதியைக் கிள்ளி, எட்டாம் எண் முள்ளின் தண்டில் மடித்து அழுத்தினால், அழுத்தப்பட்ட பகுதி பிடித்துக்கொள்ளும், விளிம்பு பஞ்சுபோல விரிந்து ஓட்டத்தில் அசையும். நரம்பில் மூன்று சிறு குண்டுகள். சிறு ஈயக்குண்டுகளை விழுங்கிய அன்னப்பறவைகள் நஞ்சேறி மடிந்ததால் 1987இலேயே அவற்றின் விற்பனை இங்கே தடை செய்யப்பட்டுவிட்டது. இருந்தாலும் பழக்கத்தில் நான் ஈயம் என்றே சொல்கிறேன். வேர்களிலிருந்து ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் ஒரு கெஜம் தள்ளி இரையைப் போட்டு, கோலை முட்டுக்கோலில் சாய்த்து, மெல்லிய நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணியாயிற்று, பத்து ஆயிற்று. நுனி அசையவில்லை. நான் சுற்றி எடுத்தபோதெல்லாம் ரொட்டி போட்டது போட்டபடியே திரும்பி வந்தது. அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. கோடையில் இதே இடத்தில் ஐந்து நிமிடத்தில் முள் வெறுமையாகிவிடும். பண்ணைகளில் வளர்ப்பதற்காக 1970களில் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, தப்பியோடிப் பெருகிவிட்ட சிக்னல் கிரேஃபிஷ் என்னும் நன்னீர்க் கல்லிறால், போட்ட இரையையெல்லாம் கொறித்துத் தள்ளும். அதைத் திட்டாத தூண்டில்காரர் லோடனில் இருக்கமாட்டார். குளிரில் அதுவும் வளைக்குள் முடங்கிவிடுகிறது. அன்று காலை பதினொரு மணிக்கு நான் அந்தக் கல்லிறாலுக்காக ஏங்கினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆற்றின் அடியில் ஏதோ ஓர் உயிர் விழித்திருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளமாவது கிடைத்திருக்கும்.

இதற்கிடையில் இரண்டு முறை வேரில் மாட்டி முள்ளை இழந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு, உணர்வற்ற விரல்களால் முள் கட்டியதை மறக்க முடியாது. நரம்பு விரலில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதைத் தொட்டு அறிய முடியவில்லை, கண்ணால் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. முள்ளின் காதுக்குள் நரம்பு நுழைய ஏழெட்டுத் தடவை முயன்றேன். நுழைந்ததும், முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்க உதட்டுக்குக் கொண்டுபோனபோது, உதடு உறைந்திருந்ததால் முள் கீழுதட்டில் குத்தியது. அன்று அந்த முள்ளில் முதலில் மாட்டியது நான்தான். நல்லவேளை, அது எதிர்முள் (முனையில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) இல்லாத வகை.

பன்னிரண்டு மணியளவில் ஒரு லாப்ரடார் நாய் ஓடி வந்து, நாற்காலியின் கீழே வைத்திருந்த பாலாடைக்கட்டி உருண்டையை, நீலப்பூசணம் பூத்த விலையுயர்ந்த பாலாடைக்கட்டியை மாவோடு பிசைந்து நான் முந்தைய இரவு தயாரித்ததை, ஒரே வாயில் தின்றுவிட்டுப் போயிற்று. அதன் உரிமையாளர் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டார். என் இரையை அன்று விரும்பிச் சாப்பிட்ட முதல் உயிரினம் என்பதால் அந்த நாயின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஒரு மணிக்கு மீண்டும் வெப்பமானியை இறக்கினேன். 3.3. வெயில் லேசாக அடித்துக்கொண்டிருந்தும் தண்ணீர் குளிர்ந்துகொண்டேதான் போனது. வயல்களில் நிழல்பட்ட பகுதிகளில் மிச்சமிருந்த பனி அந்த வெயிலில் உருகி ஆற்றுக்கு வந்துகொண்டிருந்திருக்கும் என்று ஊகித்தேன். அதாவது எனக்கு ஆறுதலாக இருந்த வெயில்தான் மீனை மேலும் உறைய வைத்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்திலாவது வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஒரு கோலோடு நடந்திருக்கலாம். கீழே அரை மைல் தூரத்தில் ஆறு வளையும் இடத்தில் ஓட்டம் குறைந்த ஆழமான மடு ஒன்று எனக்குத் தெரியும். போகவில்லை. இரண்டாயிரம் ரூபாய்ப் பெறுமானமுள்ள புழுவையும் நாற்காலியையும் யாரும் திருடப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். உட்கார்ந்துவிட்டவனுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நடப்பதற்குப் பதிலாக வேறொன்றைச் செய்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி எடுத்து, இரையைப் பார்த்து, மீண்டும் போட்டேன். குளிர்காலத்தில் செய்யக் கூடாத காரியம் இது. மந்தமாகிவிட்ட மீன், இரையை நோக்கி வருவதற்கே அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் இரை ஆறு தடவை பறந்துவிடுகிறது. மேலும், சுற்றும்போதெல்லாம் நரம்பு தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்து, தான் ஓடும் கோலின் வளையங்களில் விடும். அது அங்கேயே உறையும். நுனி வளையம் மிகச் சிறியது. அதில் முதலில் ஒரு கண்ணாடிப் படலம், பிறகு ஒரு மணி, பிறகு வளையமே தெரியாத ஒரு வெள்ளைக் குமிழ் என்று பனி வளர்ந்தது. பெரியவர் சொன்னபடி நுனியைத் தண்ணீரில் முக்கினேன். பத்து நொடியில் கரைந்துவிட்டது. மூன்று டிகிரித் தண்ணீரில் கையை வைத்தால் எலும்பு வரை வலிக்கிறது. ஆனால் அன்று அந்தக் கரையில் மூடிய ஃபிளாஸ்க்குக்கும் என் உடம்புக்கும் அடுத்தபடியாகச் சூடான பொருள் அந்த ஆறுதான்.

மூன்றரை மணிக்கு மேல், சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியபோது, எனக்கே என்மேல் அலுப்பு வந்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை, இனி தொடவே போவதில்லை என்று தீர்மானித்து, பெரிய ரொட்டித்துண்டை வைத்து, எதிர்க்கரையில் மூன்றாவது ஆல்டரின் வேர்களுக்கு மிக அருகில் போட்டேன். கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். வெயில் போனதும் காற்று மேலும் குளிர்ந்தது. தூரத்தில் நெடுஞ்சாலையின் இரைச்சலைத் தவிர வேறு ஒலி இல்லை.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு நுனி இரண்டு முறை தட்டியது. மூச்சை நிறுத்தினேன். பிறகு நுனி மெதுவாக, யாரோ ஒரு கதவை இழுப்பதைப்போல, வளைந்துகொண்டே போனது. கோலைத் தூக்கினேன். உயிருள்ள கனம். அது ஒரு கணம் நின்றது, பிறகு வேர்களை நோக்கிப் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலில், நரம்பைச் சுற்றி வைத்திருக்கும் ரீலின் பிடி தளர்ந்து ஒரு கெஜமாவது நரம்பு ஓடியிருக்க வேண்டும். அதற்காகவே காலையில் அந்தப் பிடியை அளவாக வைத்திருந்தேன். ரீல் சத்தமே போடவில்லை. கோல் மட்டும் மேலும் மேலும் வளைந்தது. அண்ணாந்து பார்த்தேன். நுனி வளையத்தில் வெள்ளைக் குமிழ். நரம்பு அதற்குள் சிமென்ட்டில் பதித்த கம்பிபோல அசையாமல் நின்றது. கோலை அப்படியே தண்ணீருக்குள் தாழ்த்த வேண்டும் என்று மூளை சொல்வதற்குள் ‘டிக்’ என்று ஒரு சின்ன ஒலி. கோல் நிமிர்ந்துவிட்டது. வேர்களுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஒரு முறை சுழித்து அடங்கியது.

பிற்பகலில் பொறுமையில்லாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி எடுத்ததால்தான் ஒவ்வொரு முறையும் நுனியை முக்கிப் பனியைக் கரைத்துக்கொண்டே இருந்தேன். புத்தி வந்து அசையாமல் உட்கார்ந்த அந்த இருபத்தைந்து நிமிடத்தில்தான் வளையம் நரம்பைப் பிடித்துக்கொண்டது. செய்யக் கூடாததைச் செய்தபோது மீன் வரவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தபோது மீனும் பனியும் சேர்ந்தே வந்தன. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நுனியை நீர்மட்டத்துக்கு அருகில் தாழ்த்தி வைத்து, அவ்வப்போது முக்கி எடுத்திருக்கலாம் என்பது வீட்டுக்கு வந்து சூடாகக் குளித்த பிறகுதான் தோன்றியது.

நரம்பு முள்ளின் முடிச்சிலேயே அறுந்திருந்தது, உணர்வற்ற விரல்களால் நான் கட்டிய அதே முடிச்சில். முள் மீனின் உதட்டில் இருக்கிறது என்ற நினைப்பு, மீன் போன வருத்தத்தைவிட அதிக நேரம் உறுத்தியது. எதிர்முள் இல்லாததால் பெரும்பாலும் தானாகவே கழன்றுவிடும் என்பதும், ஒரு கெஜ நரம்பு கூடவே இழுபடவில்லை என்பதும் ஓரளவு சமாதானம். கடைசியாக ஒரு முறை வெப்பமானியை இறக்கினேன்; 3.1. இருட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கேட்டின் பூட்டு மறுபடியும் உறைந்திருந்தது. தேநீர் தீர்ந்துபோயிருந்ததால் அரைநிமிடம் அதன்மேல் வாயால் ஊதிக்கொண்டு நின்றேன்.

காரை நிறுத்தும்போது பெரியவர் குப்பைத்தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். மீன் கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை. என் முகமே போதுமானதாக இருந்திருக்கும். தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்டார். சொன்னேன். பிறகு ஒளிவுமறைவில்லாமல் வளையத்தில் பனி கட்டிய கதையையும் முழுவதும் சொன்னேன். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு என் அருகில் வந்தார்.

“மூன்று டிகிரியில், அதுவும் பனித்தண்ணீரில், ஒன்று கடித்ததா? எந்த மரத்தடியில்?”

எனக்கு இந்த ஆற்றில் தெரிந்ததெல்லாம் அவர் கற்றுக் கொடுத்தது. தயங்காமல் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

“கேட்டிலிருந்து இரண்டாவது ஆல்டர்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தபோது, அவருடைய கார் வாசலில் இல்லை.